சூலும் துணையும்: தென்திருவிதாங்கூர் எல்லைப்புறக் கதைப்பாடல்களில் கருவுற்ற பெண்ணின் அச்சம்

நிலமும் பாடலும்

நெய்யாற்றின்கரைக்கு வடகிழக்கே, நெய்யாற்றுப் படுகையில் அமைந்துள்ள ஒற்றசேகரமங்கலமும், அதற்குத் தெற்கே பாறசாலை வரை பரவிக் கிடக்கும் சிற்றூர்களும் இரு மொழிகளின் எல்லையில் நிற்பவை. 1956 நவம்பர் 1இல் மாநிலங்கள் சீரமைக்கப்பட்டபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு உரிமை கோரியிருந்தும் நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே தங்கிவிட்டது. நில அளவைக் கோடு விளவங்கோட்டையும் நெய்யாற்றின்கரையையும் பிரித்ததேயன்றி, அந்நிலத்துத் தெய்வங்களையும் பாடல்களையும் பிரிக்கவில்லை. தமிழ்ப் பக்கத்தில் வில்லுப்பாட்டு எனவும் மலையாளப் பக்கத்தில் வில்லடிச்சான் பாட்டு எனவும் வழங்குவது ஒரே கலையே. அவ்வில்லில் பாடப்பெறும் கதைகளைத் தமிழ் ஆய்வாளர் கதைப்பாடல் என்பர். மலையாள இலக்கிய வரலாற்றாசிரியர் ‘தெக்கன் பாட்டுகள்’ என்பர்.

இப்பாடல்கள் எம்மொழிக்கு உரியவை என்னும் வழக்கு நெடுங்காலம் நடந்துவந்துள்ளது. உள்ளூர் பரமேசுவர ஐயரின் கேரள சாகித்திய சரித்திரம் அவற்றை ஒருவகையில் அணுகியது. தமிழ்த்துறைகள் வேறு வகையில் அணுகின. மொழி பற்றிய இவ்வழக்கில் செலவழிந்த உழைப்பில் ஒரு சிறு பகுதியேனும் அப்பாடல்கள் எதைப் பேசுகின்றன என்பதற்குச் செலவழிந்திருக்குமாயின், கண்ணில் பட்டிருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இந்நிலத்துக் கதைப்பாடல்களுள் குறிப்பிடத்தக்க பலவற்றின் நடுவே கருவுற்ற பெண் ஒருத்தி நிற்கிறாள். அவள் அஞ்சுகிறாள், அவளுக்குத் துணை இல்லை, அவள் இறக்கிறாள், பின்னர்த் தெய்வமாகிறாள்.

நாட்டார் வழக்காற்றியல் ஆய்வுகள் இப்பெண்ணைப் பெரும்பாலும் இரு பெயர்களால் அழைத்துள்ளன. ஒன்று வளமைத் தெய்வம். மற்றொன்று பழிவாங்கும் ஆவி. முன்னது அவளுடைய கருப்பையைப் பேசுகிறது. பின்னது அவளுடைய சினத்தைப் பேசுகிறது. இவ்விரண்டிற்கும் இடையில் அவள் உயிரோடிருந்த காலத்து மனநிலை விடுபட்டுப் போகிறது. அவ்விடுபாட்டை நிரப்பும் நோக்கில் பொன்னிறத்தாள் கதை, நீலி கதை, சுடலைமாடன் கதை ஆகியவற்றை மறுவாசிப்புச் செய்வதும், அவ்வாசிப்பைச் சங்கப் பாடல்களோடும் சூற்சடங்குகளோடும் பொருத்திக் காண்பதும் இக்கட்டுரையின் எல்லை.

பொன்னிறத்தாள்: கலைந்த துணை

பொன்னிறத்தாள் கதை எல்லையின் இரு பக்கத்தும் வழங்குவது. வடிவுக்கு வடிவு விவரங்கள் மாறினும் கதையின் எலும்புக்கூடு பெரிதும் மாறுவதில்லை. தலைச்சூல் கொண்ட பொன்னிறத்தாள் பேறுகாலத்தின் பொருட்டுத் தாய்வீடு வருகிறாள். தோழியரோடு நீராடச் செல்கிறாள். மழையும் காற்றும் வருகின்றன. தோழியர் ஆளுக்கொரு பக்கமாக ஓடுகின்றனர். நிறைமாதச் சூலியால் ஓட இயலவில்லை; ஓரிடத்தில் தனியே ஒதுங்குகிறாள். புதையலைத் தேடி வந்த கள்வர்க்குத் தலைச்சூலியின் பலி வேண்டியிருக்கிறது. அவர்கள் கையில் அவள் அகப்படுகிறாள்.

இக்கதையைப் பற்றிய பேச்சு எப்போதும் பலியில் தொடங்கிப் பலியிலேயே முடிகிறது. புதையலுக்கும் தலைச்சூலுக்கும் இடையிலான குறியீட்டு ஒப்புமை, பூமியின் கருவும் பெண்ணின் கருவும் ஒன்றாகக் காணப்படும் தொன்மை ஆகியன விரிவாகப் பேசத்தக்கனவே. ஆயினும் கதையின் திருப்பம் பலியிடத்தில் நிகழவில்லை. அது நீர்த்துறையில், தோழியர் கலையும் அந்த ஒரு கணத்தில் நிகழ்கிறது. அதுவரை பொன்னிறத்தாள் அச்சமற்றவள். தாய்வீடு இருக்கிறது, தோழியர் இருக்கின்றனர், நீர்விளையாட்டு இருக்கிறது. கதை அவளைச் சுற்றி நிறுத்தும் மனிதர் கூட்டம் சிறிதன்று. அக்கூட்டத்தில் ஒருவரும் தீயவர் அல்லர் என்பது கருதத்தக்கது. தோழியர் அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை; வஞ்சிக்கவுமில்லை. மழை வந்தது, ஓடினார்கள். அவ்வளவே. ஓட முடிந்தவர் ஓடியதும், ஓட முடியாதவள் நின்றதுமே கதையின் கொடுமை. கள்வர் அதற்குப் பின்னரே வருகின்றனர்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சம் பிறக்கும் நிலைக்களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை ஆகிய நான்கினைக் கூறும். பேறுகால அச்சம் இந்நான்கனுள் ஒன்றாக வெளிப்படக் கூறப்படவில்லை. கதைப்பாடல்களோ அந்நான்கனுள் மூன்றைச் சூலியைச் சூழ நிறுத்துகின்றன. பொன்னிறத்தாளைக் கள்வர் சூழ்கின்றனர். புதையலைக் காக்கும் அணங்கு அவளைக் கேட்கிறது. பெண்ணரசியர் கதையில் நிறைசூலியான அரசியின் மேல் வேற்று மன்னன் படையெடுக்கிறான். விலங்கிற்கு மட்டும் இப்பாடல்களில் பெரிதாக இடமில்லை. மேற்குமலை அடிவாரத்தில் வாழ்ந்தோர் பாடல்களில் அது இல்லாமை வியப்பிற்குரியதே.

இவ்வாறு அச்சத்திற்குப் புறத்தே ஒரு முகம் கொடுக்கப்படுகிறது. அதனால் ஒரு நன்மையும் ஓர் இழப்பும் நேர்கின்றன. பெயரற்று மனத்துள் கிடந்த கலக்கம் கள்வனாகவும் காளியாகவும் உருப்பெற்றுப் பாடத்தக்கதாகிறது, இது நன்மை. ஆனால் அக்காலத்துப் பேறுகாலச் சாவுகளில் பெரும்பாலானவை கள்வர் கையில் நிகழ்ந்தவை அல்ல. குருதிப்போக்கிலும் வலிப்பிலும் காய்ச்சலிலும், வீட்டின் பின்கட்டில், உறவினர் அருகிலேயே நிகழ்ந்தவை அவை. பாடல் அச்சாவுகளை வீட்டிலிருந்து வெளியேற்றிக் காட்டிற்கும் கள்வர்க்கும் உரியனவாக்கிவிடுகிறது. வீடு குற்றமற்றதாகத் தப்பிவிடுகிறது. பொன்னிறத்தாள் கதையைப் போற்றுவோர் இம்மறைப்பையும் கணக்கில் எடுத்தல் வேண்டும்.

நீலியும் மாவிசக்கியும்: நம்பிய மடி

வீட்டை அவ்வாறு தப்பவிடாத கதைகளும் இந்நிலத்தில் உண்டு. நீலி கதை திருவாலங்காட்டை அடுத்த பழையனூரோடு தொடர்புடையது. சமண நூலான நீலகேசி அப்பெயரை எடுத்தாண்டு வேறு திசையில் திருப்பியது. நாஞ்சில் நாட்டிலும் தென்திருவிதாங்கூரிலும் அக்கதை முப்பந்தல் இசக்கியின் கதையாக வேரூன்றியது. மலையாளத்தில் கள்ளியங்காட்டு நீலியின் கதையாக வழங்கியது. தென்னக வடிவில், தன் மடியில் உறங்கிய பெண்ணை அவளை நேசிப்பதாகச் சொன்னவனே நகைக்காகக் கொல்கிறான். சில வடிவங்கள் அவளைச் சூலியாகவும் கூறும். அருகிருந்த கள்ளிச்செடியே சான்று. மறுபிறப்பில் அவள் கள்ளிக்கிளையைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி அவனைப் பின்தொடர்கிறாள். ஊரவையின் முன் தன்னை அவன் மனைவி என்கிறாள்; குழந்தை அவனைத் தந்தை என அழைக்கிறது; அவை நம்புகிறது.

இங்கு அவை நம்புவது பொய்யை. ஆய்வாளர் பலரும் பழையனூர் வேளாளரின் சொல்தவறாமையையே இக்கதையின் பொருளாக எடுத்துப் பேசியுள்ளனர். சைவ இலக்கிய மரபும் அதனையே போற்றியது. ஆனால் இதே கதையை இசக்கியின் பக்கமிருந்து கேட்டால் வேறொரு குறை புலனாகிறது. கையில் குழந்தையோடு அவள் ஆவியாக வந்தபோது கூடிய அவை, அவள் உயிரோடு காட்டுவழி நடந்தபோது எங்கும் இல்லை. குழந்தையைப் பெற்றுக் காட்டிய பிறகே ஒரு பெண்ணின் சொல் அவையேறுகிறது. அதுவரை அவள் ஒருவனை மட்டும் நம்பியவளாக நிற்கிறாள். கள்ளிக்கிளைக் குழந்தை என்னும் புனைவு பேய்க்கதைக்குரிய மாயம் மட்டும் அன்று. தாய்மை என்னும் சான்றிதழ் இன்றிப் பெண்ணின் அச்சத்தை எவரும் செவிமடுப்பதில்லை என்பதைக் கதை அறிந்திருக்கிறது.

சுடலைமாடன் கதை இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. மலையாள நாட்டு மந்திரவாதியான காளிப் பெரும்புலையனின் மகள் மாவிசக்கி. மாடன் கேட்கும் பலி அவனுடைய சூலியான மகளே. தந்தை கொடுக்கிறான். தாய்வீடு என்பது சூலிக்குப் புகலிடம் என்னும் நம்பிக்கையின் மேல் இக்கதை விழுகிறது. பெண்ணைச் சூழ்ந்தவர் எத்தனை பேர் என்பது துணைக்கு அளவாகாது. அவர்கள் வேண்டுவது எதை என்பதே அளவு என்பதை மாவிசக்கியின் முடிவு காட்டுகிறது. இக்கதையைச் சாதியாதிக்கம் புனைந்த இழிவுச் சித்திரமாகவும் வாசித்தல் இயலும். ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவனே மகளைப் பலியிடுபவனாகக் காட்டப்படுவது தற்செயல் அன்று. அவ்வாசிப்பு மறுக்கத்தக்கதன்று; இங்குக் கூறப்படுவதனோடு முரண்படுவதுமன்று.

யாரை நோக்கிய பாடல்?

வில்லுப்பாட்டைக் களத்தில் ஆராய்ந்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், 1988இல் வெளிவந்த தம் நூலில் கதைகளைப் பிறப்புக் கதைகள், இறப்புக் கதைகள் எனப் பகுத்தார். கொடுஞ்சாவே இறப்புக் கதைகளின் அச்சு என்பதும், அது பாடப்பெறும் வேளையிலேயே கொடைவிழாவின் ஆட்டமும் ஆவேசமும் உச்சம் அடைகின்றன என்பதும் அவர் காட்டியவை. அ.கா. பெருமாள் நாஞ்சில் நாட்டுத் தெய்வங்களையும் கதைகளையும் தொகுத்துப் பதிவுசெய்த பணி இத்துறைக்கு அடித்தளமாகும். இவ்விரு வகை உழைப்பும் இன்றி இக்கதைகளைப் பற்றிப் பேசவே இயலாது. எனினும் கேட்போர் யார் என்னும் வினாவைச் சூலியை மையமாக வைத்து எழுப்புதல் வேண்டும்.

குளோடு லெவி-ஸ்ட்ராஸ் 1949இல் எழுதிய ‘குறியீடுகளின் ஆற்றல்’ என்னும் கட்டுரை இங்கு ஒப்புநோக்கத்தக்கது. பனாமாவின் கூனா பழங்குடியினரிடையே, பேறு தடைப்பட்டுத் துன்புறும் பெண்ணின் அருகில் அமர்ந்து மருத்துவப் பூசாரி பாடும் நெடும்பாடல் ஒன்றை அவர் ஆராய்ந்தார். பாடல் அவளுடைய உடலையே ஒரு பயணவழியாக்கி, வலிக்கு ஒரு மொழியைத் தருகிறது. சொல்ல இயலாதிருந்தது சொல்லத்தக்கதாவதே ஆற்றலின் ஊற்று என்பது அவர் துணிபு. வடமலபாரில் மலயர் சமூகத்தார் சூலியின்பொருட்டு நிகழ்த்தும் கெந்திரோன்பாட்டும் இவ்வகையில் அடக்கத்தக்கது. இவ்விரண்டிலும் சூலி களத்தில் இருக்கிறாள். பாடல் அவளுக்காக நிகழ்கிறது.

தென்திருவிதாங்கூர் வில்லுப்பாட்டில் நிலைமை நேர்மாறானது. பாடல் கோயில் கொடையில், இரவில், ஊர்க்கூட்டத்தின் முன் பாடப்படுகிறது. கருவுற்ற பெண் நள்ளிரவில் வெளியே செல்லலாகாது என்பது இந்நிலத்துப் பொதுவழக்கு. ஆகவே சூலியின் அச்சத்தைப் பாடும் பாட்டு சூலியின் காதில் விழுவதற்காக அமைந்ததன்று. அதைக் கேட்பவர் தாய், மாமியார், கணவன், தமையன், அயலார். அதாவது, மழை வந்தால் ஓடக்கூடியவர்கள். கூனாப் பாடல் நோயுற்றவளைத் தேற்றுகிறது. வில்லுப்பாட்டு நோயற்றவர்களைக் கலக்குகிறது. ஆவேசம் வந்து ஆடுபவர் உடலில் இறந்த சூலியே வந்து நின்று கேட்பதாக ஊர் நம்பும்போது, அவளை விட்டு ஓடியவரின் வழித்தோன்றல்கள் அவள் முன் நிற்கின்றனர். வளமைச் சடங்கு என்னும் விளக்கம் இந்த எதிர்கொள்ளலை உணர்த்தப் போதாது. இசக்கிக்குத் தொட்டிலும் மண்பொம்மையும் சேலையும் நேர்ந்துகொள்ளும் பெண் பிள்ளைவரம் கேட்கிறாள் என்பது உண்மை. ஒரு கையில் குழந்தையை ஏந்தி, மற்றொன்றை வாயில் கவ்வி நிற்கும் சிலையின் முன் அவள் கேட்பது வரம் மட்டுந்தானா என்பது ஐயத்திற்குரியது.

திருச்சிராப்பள்ளித் தாயுமானவர் தலவரலாறு இதற்கு நல்ல மறுதலை. நிறைசூலியான இரத்தினாவதிக்குத் துணைபுரிய வரவேண்டிய தாய் காவிரி வெள்ளத்தால் அக்கரையில் தங்கிவிட, இறைவன் தாயுருக் கொண்டு வந்து பேறு பார்த்ததாகப் புராணம் கூறும். பெருங்கோயில் மரபில் தாய் வர இயலாதபோது தெய்வம் தாயாகி வருகிறது. வில்லுப்பாட்டு மரபில் எவரும் வருவதில்லை. வராத துணையால் இறந்தவளே தெய்வமாகிறாள். இரு மரபும் ஒரே குறையைத்தான் பேசுகின்றன. வெள்ளப்பெருக்கில் அக்கரையில் நிற்கும் தாயின் உருவம் இரண்டிற்கும் பொதுவானது.

கடும்பும் குடியும்

சங்கப் பாடல்களில் சூலியைச் சூழ்ந்த மனிதர் யார் என்பதை நோக்குதல் பயன்தரும். குறுந்தொகை 287இல் கச்சிப்பேட்டு நன்னாகையார், நீர் சுமந்த மேகத்திற்குப் பன்னிரு திங்கள் நிறைசூல் தாங்கி, நடக்க மாட்டாது தளர்ந்து, புளியை விரும்பும் தலைச்சூல் மகளிரை உவமையாக்குகிறார். அம்மேகம் குன்றுகளை நோக்கி எழுகிறது. உரைகாரர் கவனம் பெரும்பாலும் கார்ப்பருவ வரவில் நிற்கிறது. ஆனால் பாடலின் அமைப்பில் இவ்வுவமை தற்செயலானதன்று. பிரிவால் நிலைகலங்கிய தலைவியைத் தோழி தேற்றும் சொல் இது. ஒருத்தியின் கலக்கத்தைத் தணிக்க மற்றொருத்தி எடுத்துக்கொள்ளும் உருவம் சுமை தாங்கித் தளர்ந்த சூலியின் உருவம். தொல்காப்பிய உரியியல் ‘வயா’ என்பதற்கு வேட்கையின் மிகுதி எனப் பொருள் கொண்டது. அவ்வேட்கை இன்னதென்று தெரிந்து புளியைக் கொண்டுவந்து தரும் ஒருவர் அருகில் இருக்க வேண்டும் என்பது சொல்லாமலே பெறப்படுவது. மலையாள நாயர் குடும்பங்களின் ‘புளிகுடி’ச் சடங்கு இவ்வேட்கையையே சடங்காக்கியது எனலாம்.

நற்றிணை 370இல் உறையூர்க் கதுவாய்ச் சாத்தனார் படைத்த தலைவன், தலைவி மகப்பெற்ற நாளைப் பாணனிடம் நினைவுகூர்கிறான். சுற்றத்தைக் குறிக்கும் ‘கடும்பு’ என்னும் சொல்லோடு அங்குச் சூல் இணைக்கப்படுகிறது. உடனே அவள் குடிக்கு உதவியவள் என்றும் கூறப்படுகிறாள். நெய்யும் வெண்சிறுகடுகும் மின்னும் மனையில் படுத்திருப்பவளிடம் தலைவன் சென்று குவளை மலரால் அவள் வயிற்றை ஒற்றிக் குறும்பு பேசுகிறான். அவள் முறுவலோடு கண்ணைக் கையால் மறைத்துக்கொள்கிறாள். இத்துணை மென்மையான பேறுகாலக் காட்சி சங்கத் தொகையில் அரிது. ஆனால் அதைச் சொல்பவன் பரத்தையிற் பிரிந்து வாயில் மறுக்கப்பட்டு நிற்பவன். நற்றிணை 40இல் கோண்மா நெடுங்கோட்டனார் காட்டும் தலைவன் புதல்வன் பிறந்த மனைக்கு நள்ளிரவில் கள்வனைப் போல வருகிறான். தொல்காப்பியக் கற்பியலும் புனிறு தீர்ந்த பொழுதை ஊடற்குரிய களனாக்கியது. சுற்றம் அருகிருக்க, கணவன் வாயிலில் நிற்பதே மருதத்தின் பேறுகாலப் படம்.

‘கடும்பு’, ‘குடி’ என்னும் இருசொற்களும் ஒரே அடியில் அடுத்தடுத்து நிற்பது பொருள் பொதிந்தது. கடும்பு அவளுக்கு உதவுகிறது. அவள் குடிக்கு உதவுகிறாள். இக்கொடுக்கல் வாங்கலின் இரண்டாம் பாதியையே பிற்கால உரைமரபு பெரிதாக்கியது. முதற்பாதி நின்றுபோனால் என்னாகும் என்பதைத்தான் பொன்னிறத்தாள் கதை சொல்கிறது.

சடங்கின் எல்லை

வளைகாப்பும் சீமந்தமும் பழந்தமிழரின் உளநல மருத்துவம் எனப் போற்றும் கட்டுரைகள் அண்மைக் காலத்தில் மிகுந்துள்ளன. வளையோசை கருவைக் குளிர்விக்கும், உறவினர் கூடுவது மனத்திற்கு வலிமை தரும் என்பன அவற்றின் வாதங்கள். இவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் சடங்கிற்குரிய நிபந்தனைகளை இப்போற்றிகள் மறந்துவிடுகின்றன. சடங்கு பெரும்பாலும் தலைச்சூலுக்கு உரியது. இரண்டாம் மூன்றாம் சூலில் அதே பெண்ணின் அச்சத்திற்கு வளையல் இல்லை. மணமின்றிக் கருவுற்றவளுக்கு இல்லை. கைம்பெண்ணும் பிள்ளையற்றவளும் வளையிடும் வரிசையில் நிற்க இயலாது. ஆகவே கருவுற்றவளின் சொந்தத் தாயே கைம்பெண்ணாக இருப்பின் அவள் ஒதுங்கி நிற்கிறாள். நீல. பத்மநாபனின் தலைமுறைகள் (1968) இரணியல் செட்டிச் சமூகத்தைப் படைத்துக் காட்டும்போது, ‘இருசி’ என்னும் ஒரு சொல் ஒரு பெண்ணை உறவு வட்டத்திலிருந்து எவ்வளவு எளிதாக வெளியேற்றிவிடுகிறது என்பதை விடாது பின்தொடர்கிறது. குறை அவளிடம் இல்லை. கருவுறுவதற்கு முன்பே தொடங்கிவிடும் இவ்வச்சத்தைச் சடங்கு தணிப்பதில்லை. சடங்கே அதை வளர்க்கிறது.

1990களில் தமிழகத்தில் களப்பணி செய்த சிசிலியா வான் ஹோலன், 2003இல் வெளியான தம் நூலில், சீமந்தச் செலவும் சீர்வரிசையும் பெருகி அச்சடங்கு நுகர்வுப் பண்பாட்டின் காட்சியாக மாறிவருவதைப் பதிவுசெய்தார். கடன்பட்டுச் சீர் செய்யும் தாய்வீட்டின் கவலை கருவுற்றவளின் கவலையாகவும் ஆகிறது என்பது வெளிப்படை.

வேலூரை அடுத்த ஊரகப் பகுதியில் இறுதி மும்மாதத்தில் இருந்த 359 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2002இல் வெளியிடப்பட்ட மருத்துவ ஆய்வு, பேற்றுக்குப் பிந்திய மனச்சோர்வோடு தொடர்புடையனவாகக் குறைந்த வருவாய், ஆண் மகவு வேண்டியிருக்கப் பெண் பிறத்தல், மாமியாருடனும் பெற்றோருடனும் உள்ள உறவுச் சிக்கல், சூற்காலத்து இடர்கள், கைவேலைக்கு உதவி இன்மை ஆகியவற்றைக் கண்டது. உறவினர் இன்மை இப்பட்டியலில் இல்லை என்பது ஊன்றி நோக்கத்தக்கது. உறவினர் இருந்தனர், உறவே சிக்கலாக இருந்தது. மாவிசக்கியின் கதையை அறிந்தவர்க்கு இது புதிதன்று. உலக நலவாழ்வு நிறுவனம் உலகளவில் கருவுற்ற பெண்களில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினரும், வளரும் நாடுகளில் 15.6 விழுக்காட்டினரும் மனநலக் குறைபாட்டுக்கு ஆளாவதாகக் கணித்துள்ளது.

ஒற்றசேகரமங்கலம் அடங்கிய கேரளத்தில் பேறுகாலத் தாய் இறப்பு, 2018-20 மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி, ஓரிலட்சம் உயிர்ப்பிறப்புக்கு 19. எல்லைக்கு இப்பாலுள்ள தமிழகத்தில் 54. இந்திய அளவில் 97. பொன்னிறத்தாளைப் பாடியவர் காலத்தில் கற்பனை செய்யவும் இயலாத எண்கள் இவை. இருந்தும், 2004 முதல் கேரளத்தில் மகப்பேற்று மருத்துவர்கள் நடத்திவரும் தாய் இறப்பு மீளாய்வில் தற்கொலையும் ஒரு காரணமாக இடம்பெற்றுள்ளது. குருதிப்போக்கை மருத்துவமனை தடுத்துவிட்டது. கள்வரும் இல்லை, காளியும் இல்லை. அச்சத்திற்கு வெளியே முகம் தந்த கதைகள் விலகியதும், அது வீட்டிற்குள்ளேயே இருந்தது என்பது தெரியவருகிறது.

தமிழக அரசு ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் வழியாக நடத்தும் சமுதாய வளைகாப்பில், பல சாதியைச் சேர்ந்த கருவுற்ற பெண்கள் ஒரே கூடத்தில் வரிசையாக அமர்ந்து வளையல் அணிகின்றனர். மேடை, மாலை, பலவகைச் சோறு, ஒளிப்படம் என்று அது அரசு விழாவின் சாயலைப் பெற்றுவிட்டது உண்மையே. ஆயினும் சீர்வரிசையற்றவளுக்கும் கை நிறைய வளையல் கிடைக்கும் இடம் அது. பழைய சடங்கின் நிபந்தனைகளுள் சிலவேனும் அங்குத் தளர்ந்துள்ளன. அதனைப் போலிச் சடங்கு என ஒதுக்குவது நியாயமன்று. பேறு நடைபெறும் அறையில் பெண் விரும்பும் துணையாளர் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்னும் பரிந்துரை இதனினும் ஆழமானது. 15,000க்கு மேற்பட்ட பெண்களை உள்ளடக்கிய 26 ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளிவந்த மதிப்பாய்வு, தொடர்ந்த துணை கிடைத்த பெண்களுக்கு வலிநேரம் குறைவதையும், இயல்பான பேறு கூடுவதையும், பேற்றைப் பற்றிய கசப்பான உணர்வு குறைவதையும் காட்டியது. இத்துணையாளர் குடிக்காக நிற்பவர் அல்லர், அவளுக்காக நிற்பவர். தாயுமானவர் கதையில் தெய்வம் மேற்கொண்ட பணியும் இதுவே.

சுமைதாங்கி

எல்லைப்புறச் சாலையோரங்களில் நின்ற சுமைதாங்கிக் கற்கள் இவ்வாசிப்புக்குப் பாடலல்லாத ஒரு சான்று. செங்குத்தான இரு கற்களின் மேல் கிடையாக ஒரு கல். உயரம் ஏறத்தாழ மனிதரின் தோளளவு. மலையாளத்தில் இதற்குச் சுமடுதாங்கி, அத்தாணி என்னும் பெயர்கள் உண்டு. தலைச்சுமையோடு நெடுவழி நடப்பவர் மற்றொருவர் கை கொடாமலே சுமையை இறக்கவும், மீண்டும் ஏற்றிக்கொள்ளவும் அமைந்தது அது. சூலோடு இறந்த பெண்ணின் நினைவாக இக்கல்லை நடும் வழக்கம் தமிழகத்தில் பரவலாக இருந்தது. இறக்க முடியாத சுமையோடு போனவளின் பாரம், வழிப்போக்கர் ஒவ்வொருவரும் தம் சுமையை அதில் இறக்கும்தோறும் குறையும் என்பது நம்பிக்கை.

வீரனுக்கு நட்ட நடுகல்லைப் பற்றித் தமிழ் ஆய்வுலகம் எழுதிக் குவித்துள்ளது. தொல்காப்பியப் புறத்திணையியல் முதல் செங்கம் நடுகற்கள் வரை அதற்குத் தொடர்ச்சியான வரலாறு கட்டப்பட்டுள்ளது. சூலிக்கு நட்ட கல் அவ்வரலாற்றில் ஓர் அடிக்குறிப்பாகவே நிற்கிறது. நடுகல்லின் முன் நின்று வணங்குவர், சுமைதாங்கியைப் பயன்படுத்துவர். இவ்வேறுபாடே அதைப் புறக்கணிக்கக் காரணமாயிற்று போலும். சாலையோரத்தில் கூடையை இறக்கிவைக்கும் கல்லைத் தொல்பொருளாகக் காண்பது கல்வெட்டுத் துறையினர்க்கும் எளிதாக இருந்திருக்காது; எழுத்தில்லாத கற்களுக்கு அத்துறையில் இடமும் குறைவு.

ஆயின் துணை என்பதன் வரையறை இக்கல்லில் உள்ள அளவு தெளிவாக எந்தப் பாடலிலும் இல்லை. கல் சுமையை எடுத்துக்கொண்டு போய்விடுவதில்லை. சுமப்பவரை ஆற்றுப்படுத்தும் சொல்லும் அதனிடம் இல்லை. சிறிது நேரம் பாரத்தைத் தான் தாங்குகிறது. பின்னர்ச் சுமப்பவரே எடுத்துச் செல்கிறார். நீர்த்துறையில் பொன்னிறத்தாளின் தோழியர் செய்யத் தவறியது இவ்வளவே. மழை நிற்கும்வரை அவளோடு நின்றிருக்கலாம்.

தலைச்சுமை வணிகம் மறைந்தபின் இக்கற்களின் பயன் முடிந்தது. சாலைகள் அகலமாக்கப்படும்போது பல பெயர்க்கப்பட்டன. சில மதகுப் பாலமாகவும் படிக்கல்லாகவும் மாறின. நெய்யாற்றின்கரை, விளவங்கோடு வட்டங்களில் எஞ்சியுள்ள கற்களை இடம், அளவு, நிலை குறித்து இரு மாநிலத்துத் தமிழ், மலையாளத் துறைகளும் கூடிப் பட்டியலிடுதல் இயலும். கல்லில் எழுத்து இல்லாவிடினும், அது எந்த வீட்டுப் பெண்ணுக்காக நடப்பட்டது, அவள் இறந்த அன்று உடனிருந்தவர் யார் என்பன ஊர் மூதாட்டியரிடம் கேட்கத்தக்கவை. அவ்வினாக்களை முதலில் கேட்டுக்கொண்டு வில்லுப்பாட்டுச் சுவடிகளுக்குத் திரும்பும் பதிப்பாசிரியர், தோழியர் கலைந்தோடும் அந்தச் சில அடிகளில் இப்போதுள்ளதைவிட நெடுநேரம் நிற்பார்.